‘நேர்த்தி’ என்று எழுதினால் போதுமா?

மெரினா கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் சிலைகளில் ராபர்ட் கால்டுவெல்லின் சிலையும் ஒன்று. 1968-இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைக்கப்பட்டது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். அவருடைய மனைவி எலைசாவைப் பற்றிக் கேட்டால்தான் பதில் வராது. அந்த அம்மையாரின் வேலை நூலால் ஆனது. நூல்வேலை செய்தவர்களுக்கு நாம் சிலை வைப்பதில்லை.

எலைசாவின் தாயார் மார்த்தா மால்ட். லண்டன் மிஷன் ஊழியரான கணவர் சார்லஸ் மால்ட்டுடன் 1819-இன் கடைசியில் நாகர்கோவிலுக்கு வந்தவர். பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். எழுத்து சொல்லிக் கொடுத்த கையோடு லேஸ் பின்னவும் சொல்லிக் கொடுத்தார். மகள் எலைசா 1844-இல் கால்டுவெல்லை மணந்து, நெல்லைச் சீமையின் செம்மண் தேரிக்காட்டில் இருக்கும் இடையன்குடிக்குப் போனபோது, அந்தப் பின்னலும் கூடவே போயிற்று.

அது எப்படிப்பட்ட வேலை என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். வைக்கோலோ பஞ்சோ இறுக அடைத்த ஒரு திண்டு. அதன்மேல், கோலப் புள்ளி போலத் துளையிட்ட ஓர் அட்டை. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குண்டூசி. நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் திண்டைச் சுற்றித் தொங்கும். அகலம் கூடக்கூட கட்டைகளும் கூடும். இரண்டு ஜோடியை இரு கையில் எடுத்து, நூலைக் குறுக்கே மாற்ற வேண்டும், பிறகு முறுக்க வேண்டும். அசைவுகள் இந்த இரண்டுதான். ஊசியைச் சுற்றி நூல் இறுகியதும் அடுத்த ஊசி. விரல் பழகிய பெண்ணுக்கும் விரலகல லேஸ் அங்குலம் அங்குலமாகத்தான் வளரும். துணி என்று அடியில் எதுவும் கிடையாது. ஓட்டையும் நூலும் சேர்ந்ததுதான் துணியே.

பின்னியவர்கள் யார்? நாகர்கோவிலைச் சுற்றிய தெற்குத் திருவிதாங்கூரில் சாதி அடுக்கின் கீழே தள்ளப்பட்டிருந்த குடும்பங்களின் பெண்கள். அடிமைக் குடும்பங்களில் பிறந்த சில பெண்கள் லேஸ் கூலியைச் சேர்த்து வைத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. 1820-களில் தொடங்கி 1859 வரை அலையலையாக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் மண் அது. மிஷனரிகளின் மனைவிமார் தைத்துக் கொடுத்த தளர்ந்த குப்பாயத்தை அணிந்ததற்காகச் சந்தையிலும் தெருவிலும் பெண்கள் தாக்கப்பட்டார்கள். ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1859-இல் திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு வெளியிட்ட பிறகுதான் மேலாடை அணியச் சட்டப்படி வழி பிறந்தது. ஒரே ஊர், ஒரே காலம். வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டிக்கும் கைமுனைக்கும் ஒரு பக்கம் லேஸ் தயாரானது. அதைப் பின்னும் சமூகத்துப் பெண்களின் தோளில் துணி இருக்கலாமா என்று இன்னொரு பக்கம் ஊர் கூடி அடித்துக்கொண்டது.

லேஸைப் பற்றி இன்று எழுதப்படும் ஃபேஷன் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நாகர்கோவில்தான் நினைவுக்கு வருகிறது. மென்மை, நளினம், தேவதைத்தனம், கனவு, காதல், நேர்த்தி என்று அந்தப் பக்கங்களில் வரும் சொற்கள் காதுக்கு இனிமையானவை. அவற்றில் ஒன்றுகூட அந்தத் திண்டைத் தொடுவதில்லை. இயந்திரம் மீட்டர் மீட்டராகத் தள்ளும் லேஸுக்கும் இதே சொற்கள் ஒரு எழுத்து மாறாமல் பொருந்தும். என் ஆதங்கம் இதுதான். கைவேலைக்கும் இயந்திர வேலைக்கும் ஒரே பாராட்டைச் சூட்டும் எழுத்து, வாங்குபவரின் கண்ணைக் கட்டிவிடுகிறது. கண் கட்டப்பட்டவர் விலை குறைவானதைத்தான் எடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

தி. நகர் ரங்கநாதன் தெருவிலோ பாண்டி பஜாரிலோ லேஸ் கேட்டுப் பாருங்கள். சுருள் சுருளாக எடுத்துப் போடுவார்கள். வலைத்துணி, ஜரிகைப் பட்டி, பூவேலை செய்த ஓரம் எல்லாமே லேஸ்தான். கடைக்காரர் மேல் தவறில்லை. கேட்பவருக்கும் அதற்குமேல் பிரித்துச் சொல்லத் தெரியாது, ஏனென்றால் யாரும் நமக்குப் பிரித்து எழுதிக் காட்டவில்லை. அண்ணா சாலையில் விக்டோரியா டெக்னிகல் இன்ஸ்டிடியூட் என்ற பழைய கைவினை விற்பனையகம் இருக்கிறது. விக்டோரியா ராணியின் ஆட்சி ஐம்பது ஆண்டு நிறைந்ததன் நினைவாக 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கப்பட்டது. தென்னகத்துப் பெண்களின் கைப்பூவேலைக்கும் லேஸுக்கும் பல தலைமுறைகளாக விற்பனை வாசலாக இருந்த இடம். அங்கே ஒரு கைலேஸ் விளிம்பை எடுத்துப் பார்த்துவிட்டு ரங்கநாதன் தெருச் சுருளைப் பாருங்கள். கைவேலையில் ஒவ்வொரு நூலும் எங்கே போய் எதன்மேல் ஏறுகிறது என்று கண்ணால் பின்தொடர முடியும். இரண்டு பூக்கள் அச்சில் வார்த்ததுபோல இருக்காது. இயந்திரச் சுருளில் ஒரு கோணல் இருந்தால், அதே கோணல் முழத்துக்கு முழம் திரும்பத் திரும்ப வரும்.

ஒரு மணப்பெண்ணின் உடை

2011 ஏப்ரல் 29. இங்கிலாந்து இளவரசர் வில்லியமின் மணப்பெண் கேட் மிடில்டன் அணிந்த லேஸ் உடையை உலகமே பார்த்தது. அரண்மனை வெளியிட்ட குறிப்பு, இந்தத் துறையில் நான் படித்த நல்ல எழுத்துகளில் ஒன்று. லேஸிலிருந்து பூக்களைத் தனித்தனியாகக் கையால் வெட்டி, பட்டு வலைத்துணிமேல் கையால் தைத்துப் பொருத்தினார்கள் என்று அது சொன்னது. செய்தவர்கள் ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க் கலைஞர்கள். அரை மணிக்கு ஒருமுறை கை கழுவினார்கள், மூன்று மணிக்கு ஒருமுறை ஊசி மாற்றினார்கள். லேஸ் ஃபிரான்ஸிலும் இங்கிலாந்திலும் இருந்து வந்தது. அது இயந்திர லேஸ். கைவேலை முழுவதும் வெட்டியதிலும் பொருத்தியதிலும்தான்.

ஆனால் அடுத்த நாள் எத்தனையோ செய்திகளில் அது ‘கையால் பின்னிய லேஸ் உடை’ ஆகிவிட்டது. லேஸ் வல்லுநர்கள் திருத்திச் சொன்னது பெரும்பாலோர் காதில் விழவில்லை. இதில் இரண்டு தரப்புக்கு அநியாயம். பொருத்தித் தைத்தவர்களின் நுட்பமான வேலை, அவர்கள் செய்யாத ஒரு வேலையின் பெயரில் மறைந்தது. உண்மையாகவே கையால் பின்னுகிறவர்களின் உழைப்பு, சில வாரங்களில் ஓர் உடை முழுக்கப் பின்னிவிடக்கூடிய ஒன்றாகத் தோன்றிவிட்டது. ஃபிரான்ஸின் அலான்சோன் ஊர் ஊசி லேஸில் ஒரு சதுர செண்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம் ஆகிறது. 2010-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் அதைச் சேர்த்தபோது தந்த கணக்கு இது. பழகி முடிக்கவே ஏழு முதல் பத்து ஆண்டுகள். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஏழு மணி நேரம் என்று படித்தவர் மறுபடி லேஸை ‘மெல்லிய’ என்று மட்டும் எழுதமாட்டார்.

பொழுதுபோக்கு என்று எழுதினால் கூலி எவ்வளவு?

நம் ஊர்க் கைவினைக் கண்காட்சிகளில் விற்கும், கொக்கி ஊசியால் பின்னிய குரோஷா மேசை விரிப்புகளில் பல, கோதாவரிக் கரையில் நர்சாபூரைச் சுற்றிய ஊர்களிலிருந்து வருபவை. அங்கும் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாகத்தான் பின்னல் வேரூன்றியது. 1982-இல் ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அந்தப் பெண்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வீட்டில் உட்கார்ந்தபடி உலகச் சந்தைக்குப் பின்னிக்கொண்டிருந்த அந்தப் பெண்களை எல்லாரும் இல்லத்தரசிகள் என்றார்கள். ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்றார்கள். தொழிலாளி என்று யாரும் சொல்லவில்லை, அந்தப் பெண்களும் சொல்லிக்கொள்ளவில்லை. நாளில் ஆறு ஏழு மணி நேர உழைப்புக்கு அதனால்தான் அடிமட்டக் கூலி கொடுக்க முடிந்தது என்பதை மீஸ் எடுத்துக் காட்டினார். ஏற்றுமதியாளர் வியாபாரி, பின்னியவர் பொழுதுபோக்குகிறவர்.

‘பாட்டியின் கைவண்ணம்’, ‘ஓய்வில் மலர்ந்த கலை’ என்று இன்றைய ஃபேஷன் பக்கங்கள் குரோஷாவைக் கொஞ்சும்போது, பாசத்தோடுதான் எழுதுகிறார்கள் என்று தெரிகிறது. அந்தப் பாசமே கூலியைக் குறைக்கும் வாதமாகிவிடுகிறது. இன்னொரு உண்மையை அவர்கள் எழுதினால் நிலைமை மாறும். அசலான குரோஷாவை அப்படியே பின்னித் தரும் இயந்திரம் இன்னும் சந்தைக்கு வரவில்லை. அதன் சாயலில் இயந்திரப் பின்னல்கள் உண்டு, அசல் இல்லை. ஆகவே மாலில் தொங்கும் குரோஷாச் சட்டை அசல் என்றால், அது ஐந்நூறு ரூபாயோ ஐயாயிரம் ரூபாயோ, அதன் ஒவ்வொரு கண்ணியும் ஒரு மனிதர் கொக்கி ஊசியால் இழுத்தது. விலைச்சீட்டில் ஐந்நூறு என்று பார்த்தால், கடை வாடகை, தையல், போக்குவரத்து, லாபம் எல்லாம் போக அந்தக் கைக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்கும் ஃபேஷன் கட்டுரையைத் தமிழில் நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

எழுத்து விற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் ஊர்ப் பெயரையே தாங்கிய துணி அதற்குச் சாட்சி. 1734-இல் நெசவாளர்களுக்கென்றே கிழக்கிந்தியக் கம்பெனியார் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கினார்கள். சைதாப்பேட்டையிலும் தறிகள் ஓடின. இந்தக் கரையிலிருந்து போன கட்டம் போட்ட பருத்திக்கு உலகம் வைத்த பெயர் ‘மெட்ராஸ்’. 1958-இல் அமெரிக்க இறக்குமதியாளர் வில்லியம் ஜேக்கப்சன், துணி ஏற்றுமதியாளர் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் இந்தத் துணியைக் கெஜம் ஒரு டாலருக்கு வாங்கிப் போய், ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் பத்தாயிரம் கெஜம் விற்றார். குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும், சாயம் இறங்கும் என்று நாயர் சொல்லி அனுப்பிய எச்சரிக்கை வாடிக்கையாளர் வரை போய்ச் சேரவில்லை. துவைத்த வீடுகளிலெல்லாம் சாயம் ஓடியது. வழக்கு வரும் என்ற நிலை. அப்போது ‘செவன்டீன்’ என்ற இளம்பெண்கள் பத்திரிகையின் ஆசிரியரை நாயர் சந்தித்துப் பேச, ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறி மாறிப் புதிதாகும் இந்தியக் கைத்தறி அதிசயம் என்று பல பக்கக் கட்டுரை வெளிவந்தது. இது நாயரே பின்னாளில் சொல்லிவந்த கதை. சாயம் போகும் என்பதற்கே உத்தரவாதம் தரும் விளம்பர வாசகமும் வந்தது. அதை விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வியின் கைவண்ணம் என்பார்கள். புகார் செய்ய வந்தவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அதே கிருஷ்ணன் நாயர் மனைவி லீலாவின் பெயரில் லேஸ் தொழில் நடத்தினார், பிறகு ஹோட்டல்கள் கட்டினார். அடையாறு ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், எம்.ஆர்.சி. நகரில் நிற்கும் லீலா பேலஸ் அந்தக் குடும்பத்தின் பெயர்தான்.

சில பக்க எழுத்து ஒரு குறையை மோஸ்தராக்கியது. ஆனால் நாயர் பெயர் இருக்கிறது, ஜேக்கப்சன் பெயர் இருக்கிறது, ஓகில்வி பெயர் இருக்கிறது. தறியில் உட்கார்ந்தவர், நூலைச் சாயத்தில் முக்கியவர் ஒருவர் பெயர்கூட அந்தக் கதையில் இல்லை. அவ்வளவு சக்தி உள்ள எழுத்து, நெசவாளர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.

மயிலாப்பூர்ப் பெண்கள் பேசிய மொழி

தமிழில் கைவேலையைப் பிரித்து எழுத வார்த்தை இல்லையே என்று இளம் எழுத்தாளர்கள் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு தலைமுறைக்கு முன்பு மயிலாப்பூரிலிருந்தோ மாம்பலத்திலிருந்தோ கல்யாணப் புடவை எடுக்கக் கிளம்பிய பெண்கள், 1928 முதல் தி. நகரில் இருக்கும் நல்லி போன்ற கடைகளில் போய் உட்கார்ந்து எப்படிக் கேட்டார்கள்? அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை, தாழம்பூ ரேக்கு, உடலில் முத்துக்கட்டம். வைரஊசி இருக்கா? ரெட்டைப் பேட்டா? கோர்வைதானே? 1961-இல் வந்த சிவாஜி படத்தின் பெயரில் ‘பாலும் பழமும்’ கட்டம் வந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி மேடையில் கட்டிய நீலம் ‘எம்.எஸ். ப்ளூ’ ஆயிற்று. அதை நெய்து கொடுத்த காஞ்சிபுரம் முத்துச் செட்டியாரின் பெயரை நீலத்தைக் கேட்பவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள் என்பது வேறு விஷயம். அடையாற்றில் ருக்மிணி தேவி அருண்டேல் 1937-இல் கலாக்ஷேத்ராவில் தறி போட்டு, பழைய கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் நெய்ய வைத்தபோது, நெசவாளரிடம் பேச அவருக்கும் இதே சொற்கள்தான் கைகொடுத்திருக்கும்.

இந்தச் சொற்களில் பல தறியிலிருந்து வந்தவை. கோர்வை என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் நீளவாட்டுப் பாவு தனி, குறுக்கே ஓடும் ஊடையும் தனி. ஊடை நூலைச் சுமக்கும் மூன்று நாடா ஓடும். உடல் நாடா கரையின் எல்லை வரை வந்து, கரை நூலோடு கோத்துக்கொண்டு திரும்பிவிடும். நெசவாளர் ஒருவரால் மூன்றையும் வீச முடியாது. ஒரு பக்கக் கரைக்குத் துணையாள் வேண்டும். இப்படி நெய்தால்தான் பச்சைக் கரை சுத்தப் பச்சையாக நிற்கும். சாதாரண நெசவிலோ விசைத்தறியிலோ உடலின் ஊடை கரைக்குள்ளும் ஓடிவிடும், கரையின் நிறத்தில் உடல் நிறம் கலந்து தெரியும். கரையைத் திருப்பிப் பிடித்து, நிறம் சேரும் இடத்தை விரலால் தடவினாலே கோர்வையின் முடிச்சுமேடு தட்டுப்படும். இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம். யாராவது ஒருமுறை நான்கு வரியில் எழுதியிருந்தால் போதும்.

முந்தானை வேறு நிறமாக இருந்தால் வேலை இன்னும் கூடும். உடலின் பாவு முடியும் இடத்தில், முந்திக்கான வேறு நிறப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக இணைத்தாக வேண்டும். இரண்டு நிறமும் கலந்து தெரியும் ஒரு பட்டை அங்கே விழும். அந்தப் பட்டை அழுக்கோ பிசகோ என்று இன்று சில வாடிக்கையாளர்கள் புடவையைத் திருப்பித் தருவதாகக் கேள்விப்படுகிறேன். மனசு வலிக்கிறது. உழைப்பின் முத்திரையையே குறையாகப் பார்க்கும்படி ஆக்கிவிட்டது, அதைப் பற்றி எழுதாமல் விட்ட நம் எழுத்து.

முத்திரைகள் இருக்கின்றனவே என்பார்கள். சில்க் மார்க் உண்டு. நூல் பட்டு என்று மட்டும்தான் அது சொல்லும், கைத்தறியா விசைத்தறியா என்று சொல்லாது. அதற்குக் கைத்தறி முத்திரை தனி, அது 2006-இல் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06-இல் கிடைத்தது. முத்திரைகள் தேவைதான். ஆனால் மூன்று வெவ்வேறு முத்திரைக்கும் வித்தியாசம் தெரியாத வாசகருக்கு அவை வெறும் ஒட்டுத்தாள்.

‘பாரம்பரியம்’ என்ற சொல்லையும் விசாரிக்க வேண்டும். ஃபேஷன் எழுத்தில் அதிகம் புழங்கும் சொல் அதுதான். காஞ்சிபுரத்துக் கோர்வைத் தறியில் அந்தத் துணையாளாகப் பல பத்தாண்டுகள் உட்கார்ந்திருந்தது பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை. முன்பணம் வாங்கிய குடும்பத்தின் கடனுக்காக நாடா வீசிய பிள்ளை. சட்டமும் பள்ளியும் இயக்கங்களும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பின. எழுந்தது நல்லது. அந்த இடத்துக்கு வளர்ந்த ஆளை வைத்து, வளர்ந்த ஆளுக்குரிய கூலி கொடுத்தால் கோர்வையின் விலை ஏறும். அப்படி ஏறிய விலைக்கு நியாயம் சொல்ல வேண்டிய எழுத்து, ‘தலைமுறை தலைமுறையாக வந்த பாரம்பரியம்’ என்று பூசி மெழுகிவிட்டுப் போனால், வாங்குபவர் பக்கத்துக் கடையில் பாதி விலைக்கு அதே பாரம்பரியத்தை வாங்கிக்கொண்டு போவார்.

பின் எப்படித்தான் எழுதுவது? என்னிடம் கேட்டால் ஒரு படக்குறிப்பு இப்படி இருக்கலாம் என்பேன்: அரக்கு உடல், பச்சைக் கரை, மூன்று நாடாக் கோர்வை. தாழம்பூ ரேக்கு. முந்திக்குத் தனிப் பாவு இணைத்தது. கைத்தறி, தறியில் இருவர். நெய்ய எடுத்த நாள் இத்தனை, கூலி இவ்வளவு. இதில் ‘அழகு’ என்ற சொல் வரவில்லை. படித்து முடித்தவர் புடவையைக் கையில் எடுத்துப் பார்க்க ஆசைப்படுவார் என்று நான் நம்புகிறேன்.

இதற்கு ஒரு தொடக்கம் நம் ஊரிலேயே நடந்துவிட்டது. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், 2010-களில் பட்டுப்புடவையோடு அதை நெய்தவரின் புகைப்படமும் பெயரும் உள்ள அட்டையை வைக்கத் தொடங்கியது. ஃபேஷன் இதழ்கள் எதுவும் செய்யாததை ஒரு கூட்டுறவுச் சங்கம் செய்தது. கல்யாணப் பட்டுக்குள் ஒரு முகம் இருப்பதைப் பார்த்த பெண்கள் அந்த அட்டையைத் தூக்கிப் போட மனம் வராமல் பீரோவில் வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த அட்டையில் இருப்பது பெரும்பாலும் ஒரே முகம், பெரும்பாலும் ஆண். பாவுக்கு நூல் பிரித்தவர், தார் சுற்றியவர், எதிர்க்கரை நாடாவை வீசியவர் பல வீடுகளில் அவர் மனைவி. அந்த மனைவியின் பெயருக்கும் அட்டையில் ஒரு வரி வேண்டும், நெய்த நாட்களுக்கு ஒரு வரி, கூலிக்கு ஒரு வரி. அச்சிடும் செலவு ஒன்றும் கூடிவிடாது. அடுத்த தீபாவளிச் சிறப்பிதழில் பட்டுக்குப் படம் போடும் பத்திரிகைகள், இந்த இதழையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மாடலின் பெயருக்கும் ஒப்பனைக் கலைஞரின் பெயருக்கும் கீழே அந்த இரண்டு பெயரையும் போடட்டும்.